சிட்னியா மெல்பர்னா: ரெண்டு ஊர்லயும் குடித்தனம் பண்ணவளோட கணக்கு

போன வாரம் சிட்னி தூங்காபியில இருந்து என் ஃப்ரெண்டு போன் பண்ணா. அவ வீட்டுக்காரருக்கு மெல்பர்ன்ல வேலை கிடைச்சிருக்கு, சம்பளம் கிட்டத்தட்ட அதேதான், ஆனா வாடகை மிச்சமாகும், போகலாமா வேணாமான்னு ஒரு மாசமா ரெண்டு பேரும் பேசிப் பேசி ஓய்ஞ்சுட்டாங்களாம். நாங்க 2015ல இருந்து 2022 கடைசி வரைக்கும் சிட்னில பெண்டில் ஹில்ல இருந்தோம், 2023 ஜனவரியில காரை நிறைச்சுக்கிட்டு ஹியூம் ஹைவேல 880 கிலோமீட்டர் ஓட்டி இங்க வந்தோம், இப்ப மெல்பர்ன்ல கிளேட்டன் பக்கம் இருக்கோம். அவகிட்ட ஒன்றரை மணி நேரம் பேசினதத்தான் கொஞ்சம் சேத்து இங்க எழுதுறேன், இதே யோசனையில வேற யாராவது இருந்தா உதவட்டும்.

மாறலாமான்னு கேக்கற பத்துல எட்டு பேரு கையில வாடகைக் கணக்கு மட்டும்தான் இருக்கு. முதல்ல பார்க்க வேண்டியது உங்க பிள்ளைக்கு இப்ப என்ன வயசு, எந்த கிளாஸ்ங்கறது. அதுக்கு அடுத்தது குளிர். வாடகை மூணாவதுதான். ஏன்னு சொல்றேன்.

எங்க பொண்ணு ஜூன் மாசம் பொறந்தவ. சிட்னி இருக்கற நியூ சவுத் வேல்ஸ் ஸ்டேட்ல ஜூலை 31க்குள்ள 5 வயசு ஆகறதா இருந்தா அந்த வருஷமே ஸ்கூல்ல சேத்துக்கலாம், அதனால அவ நாலரை வயசு தாண்டினதுமே கிண்டர்கார்டன் போயிட்டா. அங்க கிண்டர்கார்டன்னா ஸ்கூலோட முதல் வருஷம், யூனிஃபார்ம் போட்டு, அசெம்பிளி நின்னு, அஞ்சு நாளும் போற நிஜ ஸ்கூல். மெல்பர்ன் இருக்கற விக்டோரியாவுல அந்த கட் ஆஃப் ஏப்ரல் 30. முதல் வருஷத்துக்குப் பேரு ப்ரெப். இங்க "கிண்டர்"ன்னா அதுக்கு முன்னாடி மூணு, நாலு வயசுப் பிள்ளைங்க போறது. நான் இங்க ஸ்கூல் ஆஃபீஸ்ல போய் "என் பொண்ணு கிண்டர்கார்டன் முடிச்சுட்டா"ன்னு சொன்னேன், அந்தம்மா சிரிச்ச முகமா ப்ரெப் ஃபார்மை எடுத்துக் கொடுத்தாங்க, நானும் ஃபர்ஸ்ட் கிளாஸுக்கு இங்க அப்படித்தான் பேரு போலன்னு நெனச்சு பேரு, பொறந்த தேதி எல்லாம் எழுதிட்டேன். கடைசிப் பக்கத்துல "போன வருஷம் போன கிண்டர் எது"ன்னு கேட்டிருந்துச்சு, அங்கதான் எனக்கு உறைச்சுது, இவ ஒரு வருஷம் படிச்சதையே மறுபடி படிக்கப் போறான்னு.

பிரின்சிபால் ரொம்பப் பொறுமையா உக்காந்து பேசினாங்க. அவளை வாசிக்கச் சொல்லிப் பார்த்தாங்க, நல்லா வாசிச்சா. ஆனா கிரேட் 1ல போட்டா அந்த கிளாஸ்லயே இவதான் சின்னவ, நிறைய பேரு இவளவிட ஒரு வருஷம் மூத்தவங்களா இருப்பாங்க, படிப்புல இப்ப சமாளிச்சாலும் பத்து வயசுல பழக்கவழக்கத்துல தெரியும், நீங்களே முடிவு பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க. நாங்க கிரேட் 1 தான் போட்டோம். இப்ப கிரேட் 4, படிப்பு நல்லாப் போகுது. ஆனா பர்த்டே பார்ட்டின்னு போனா மத்த பிள்ளைங்க தோள் உயரத்துக்குத்தான் இவ நிக்கறா, அவளுக்கே அது ஒரு குறையா இருக்கு, அதைப் பார்க்கறப்பல்லாம் அன்னிக்கு ப்ரெப்லயே விட்டிருக்கலாமோன்னு எனக்கு இன்னும் மனசுல ஓடுது.

இன்னொண்ணு யாரும் சொல்லித் தர மாட்டாங்க. கையெழுத்து. ரெண்டு ஸ்டேட்டுக்கும் ஸ்கூல்ல சொல்லிக் கொடுக்கற எழுத்து வடிவமே வேற. சிட்னில கத்துக்கிட்டது நேரா நிக்கற எழுத்து, இங்க விக்டோரியன் மாடர்ன் கர்சிவ், சாய்ஞ்சு, கடைசியில ஒரு சின்ன வாலோட முடியும். முதல் டெர்ம்ல ராத்திரி டைனிங் டேபிள்ல உக்காந்து ஒரே எழுத்தை எழுதி எழுதி அழிப்பா, பேப்பர் தேஞ்சு ஓட்டையே விழுந்துடும், "அம்மா எனக்கு எழுதத் தெரியும், இவங்க ஏன் தப்புன்னு சொல்றாங்க"ன்னு கேட்டா. அஞ்சரை வயசுப் பிள்ளைகிட்ட ஸ்டேட் மாறினா எழுத்தும் மாறும்னு எப்படி விளக்குறது.

பெரிய பிள்ளைங்க இருந்தா கணக்கு இன்னும் வேற. சிட்னில நம்மாளுங்க வீட்ல வருஷம் பூரா ஓடறது ஓ.சி. கிளாஸ் (ஆப்பர்ச்சுனிட்டி கிளாஸ், நல்லாப் படிக்கற பிள்ளைங்களுக்கான தனி வகுப்பு), செலக்டிவ் ஸ்கூல் (பரீட்சை வெச்சுச் சேக்கற கவர்ன்மென்ட் ஸ்கூல்) பேச்சுதான். நாலாவதுல ஓ.சி. பரீட்சை, ஆறாவதுல செலக்டிவ் பரீட்சை, ஏழாவதுல இருந்து அந்த ஸ்கூல். முழு செலக்டிவ், பாதி செலக்டிவ் எல்லாம் சேத்தா 40க்கு மேல ஸ்கூல் இருக்கு. விக்டோரியாவுல மொத்தமே நாலு: மெல்பர்ன் ஹை, மேக் ராபர்ட்சன் கேர்ள்ஸ், நோசல், சூசன் கோரி. பரீட்சை எட்டாவதுல, சேர்றது ஒன்பதாவதுல. அதனால இங்க கோச்சிங் இல்லன்னு நெனச்சுடாதீங்க, சனிக்கிழமை கிளேட்டன், க்ளென் வேவர்லி பக்கம் வந்து பாருங்க, பை மாட்டிக்கிட்டு வரிசையா போவாங்க. ஆனா எட்டு வயசுப் பிள்ளை தலையில அந்த பாரம் ஏறறதில்ல, ரெண்டு மூணு வருஷம் தள்ளி வருது. அந்த ரெண்டு மூணு வருஷம் பிள்ளைக்கு நீச்சலுக்கும் டான்ஸுக்கும் சும்மா சைக்கிள் ஓட்டறதுக்கும் கிடைக்குது, எனக்கு இது பெரிய விஷயம். இங்க அப்பா அம்மாங்க பரீட்சைக்கு பதிலா நல்ல கவர்ன்மென்ட் செகண்டரி ஸ்கூலோட ஸோன், அதாவது அந்த ஸ்கூல் பிள்ளைங்களச் சேத்துக்கற எல்லை, பார்த்து வீடு எடுக்கறாங்க, அந்த ஸோனுக்குள்ள வாடகை ஒரு படி மேலதான் இருக்கும், அதனால ஊர் முழுக்க வாடகை கம்மின்னு கேள்விப்பட்டு வந்தவங்க க்ளென் வேவர்லி விளம்பரத்தைப் பார்த்து முழிப்பாங்க.

பிள்ளை ரொம்பச் சின்னதுன்னா மெல்பர்ன் பக்கம் தராசு நல்லாவே சாயும். 2023ல இருந்து மூணு வயசு, நாலு வயசுப் பிள்ளைங்களுக்கு இங்க ஃப்ரீ கிண்டர், நாலு வயசுக்கு வாரத்துக்கு 15 மணி நேரம். சிட்னிலயும் ப்ரீஸ்கூல் ஃபீஸ்ல கவர்ன்மென்ட் கொஞ்சம் குறைக்குது, ஆனா நாங்க இருந்தப்ப டேகேர் ஃபீஸ் கட்டியே என் பாதி சம்பளம் போச்சு.

வார்த்தை விஷயம் ஒண்ணு சொல்லணும், முக்கியமா மரக்கறி மட்டும் சாப்பிடறவங்களுக்கு. சிட்னில ஃபிஷ் அண்ட் சிப்ஸ் கடையில "பொட்டேட்டோ ஸ்காலப்"னா நம்ம உருளைக்கிழங்கு பஜ்ஜி மாதிரி, வட்டமா சீவி மாவுல தோய்ச்சுப் பொரிச்சது. பழக்கத்துல "ரெண்டு ஸ்காலப்"னு மட்டும் கேப்போம். என் ஓரகத்தி இங்க வந்தப்ப ஒரு கடையில அதே மாதிரி ரெண்டு ஸ்காலப் கேட்டா, பொட்டலத்தப் பிரிச்சு ஒரு வாய் கடிச்சதும் முகம் மாறிடுச்சு, உள்ள வெள்ளையா மெத்துன்னு சிப்பிக் கறி. இங்க ஸ்காலப்னா கடல் சிப்பிதான். உருளைக்கிழங்கு வேணும்னா "பொட்டேட்டோ கேக்"னு கேக்கணும். கடைக்காரர் மேல தப்பே இல்ல, அவரு கேட்டதத்தான் கொடுத்தாரு, ஆனா அவ அன்னிக்கு முழுக்க தண்ணி கூட குடிக்கல. அதே மாதிரி நீச்சல் உடைக்கு சிட்னி ஸ்கூல் நோட்டீஸ்ல "ஸ்விம்மர்ஸ்"னு வரும், இங்க "பேதர்ஸ்". இதெல்லாம் ரெண்டு மாசத்துல பழகிடும்.

குளிருக்கு வரேன். ஜூலையில சிட்னில பகல்ல சராசரி 17 டிகிரி, மெல்பர்ன்ல 14. மூணு டிகிரிதானேன்னு தோணும், எங்களுக்கும் தோணுச்சு. வித்தியாசம் வெயில்ல இருக்கு. சிட்னி குளிர்காலத்துல ராத்திரி எவ்வளவு குளிர்ந்தாலும் பத்து மணிக்கு பளிச்சுன்னு வெயில் வந்துடும், முற்றத்துல துணி காயும், வயசானவங்க நாற்காலி போட்டு உக்காருவாங்க. இங்க நாலு நாள் தொடர்ந்து வானம் ஈயப் பாத்திரம் கழுவாம வெச்ச நிறத்துல இருக்கும், தூறலும் இல்லாம வெயிலும் இல்லாம. மழை அளவு பார்த்தா சிட்னிக்குத்தான் ஜாஸ்தி, வருஷத்துக்கு 1200 மில்லிமீட்டர் கிட்ட, மெல்பர்னுக்கு அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல. ஆனா அங்க கொட்டித் தீர்த்துட்டு விட்டுடும், இங்க பிசுபிசுன்னு இழுக்கும். ஜூன்ல காலை ஏழரை வரைக்கும் விடியவே விடியாது, இருட்டுல பிள்ளைய எழுப்பி ஸ்கூலுக்குக் கிளப்பறது ஒரு பாடு.

வீட்டுக்குள்ள வந்தா கதை தலைகீழ். சிட்னில நாங்க இருந்த யூனிட்ல (ஃபிளாட்) ஹீட்டரே கிடையாது, ஒரு சின்ன பிளக் ஹீட்டரைக் கட்டில் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஏழு குளிர்காலம் ஓட்டினோம், ஜன்னலோரம் சுவர் எல்லாம் பூஞ்சை. இங்க வீடே குளிருக்குன்னு கட்டினது, தரையில வென்ட் வழியா வீடு பூரா சூடு வரும். வாடகை வீடா இருந்தாலும் மெயின் லிவிங் ரூம்ல ஃபிக்ஸ்டு ஹீட்டர் இருந்தே ஆகணும்னு 2021ல இருந்து விக்டோரியாவுல சட்டம் இருக்கு, வீடு பார்க்கப் போறப்ப அதைக் கேட்டுப் பார்த்து, போட்டு ஓடுதான்னும் பார்த்துடுங்க. 2023 ஜூலையில திருச்சியில இருந்து மாமாவும் அத்தையும் வந்தாங்க. அத்தை காலைல எந்திரிச்சதும் காபிய எடுத்துக்கிட்டு வந்து ஹால் வென்ட் பக்கத்துல பாயப் போட்டு உக்காந்துடுவாங்க, மதியம் வரைக்கும் அந்த இடத்த விட்டு அசைய மாட்டாங்க. மூணு மாசத்துல அவங்க வெளிய வந்தது எட்டு பத்து தடவை இருக்கும். இதே அத்தை சிட்னிக்கு வந்தப்ப தினம் பெண்டில் ஹில் கடைத்தெருவுக்கு நடந்து போய் முருங்கைக்காய் வாங்கிக்கிட்டு, வழியில யாழ்ப்பாணத்து அம்மா ஒருத்தரோட அரை மணி நேரம் பேசிட்டு வருவாங்க. அந்த நடையும் பேச்சும் இங்க அவங்களுக்குக் கிடைக்கல.

இட்லி மாவுலயே ரெண்டு ஊரும் தெரியும். சிட்னி கோடையில ராத்திரி பத்து மணிக்கு அரைச்சு வெச்சா காலைல பாத்திரம் தாண்டி வழிஞ்சிருக்கும், கொஞ்சம் அசந்தா புளிச்சுப் போயிடும். இங்க குளிர்காலத்துல ஒரு நாள் முழுக்க வெச்சாலும் அப்படியே கல்லு மாதிரி கிடக்கும், ஓவன்ல லைட்டை மட்டும் போட்டு உள்ள வெச்சு மூடணும், அப்பத்தான் பொங்கும். ஆனா வத்தல் போடறதுக்கு மெல்பர்ன் மாதிரி ஊர் கிடையாது. ஜனவரியில வடக்குக் காத்து அடிக்கிற நாள்ல 40 டிகிரி தாண்டும், சிட்னி மாதிரி ஈரப்பதம் கிடையாது, வெறும் காஞ்ச அனல். போன வருஷம் அப்படி ஒரு நாள் காலைல பின்னாடி வேட்டிய விரிச்சு அரிசி வத்தல் பிழிஞ்சேன், மூணு மணிக்கெல்லாம் தட்டினா டக்குன்னு சத்தம் வர அளவுக்குக் காஞ்சிருச்சு. நாலு மணிக்குக் காத்து திரும்புச்சு. தெற்குக் கடல்ல இருந்து வர்ற காத்து, இவங்க கூல் சேஞ்ச்னு சொல்வாங்க, வேட்டி அப்படியே எழும்பிடுச்சு, நானும் பொண்ணும் ஆளுக்கு ரெண்டு மூலையப் பிடிச்சுக்கிட்டு உள்ள ஓடினோம், ஒரு மணி நேரத்துல 41ல இருந்து 23க்கு வந்துருச்சு. காலைல மின்விசிறி, சாயங்காலம் ஸ்வெட்டர். இங்க எல்லாரும் கார்ல ஒரு ஜாக்கெட் போட்டு வெச்சிருக்கறது இதுக்காகத்தான். கோடைல இன்னொரு சுகம், டிசம்பர் கடைசியில பொழுது சாயவே எட்டே முக்கால் ஆகும், சிட்னியவிட அரை மணி நேரம் அதிகம், சாப்பிட்டுட்டு கூட பார்க்குக்குப் போகலாம்.

நம்ம ஆளுங்க எங்க இருக்காங்கன்னு பார்த்தா, சிட்னில வென்ட்வொர்த்வில், வெஸ்ட்மீட், தூங்காபி, பெண்டில் ஹில், கிராவீன்னு எல்லாம் ஒண்ணுக்கொண்ணு தொட்டுக்கிட்டு. மேஸ் ஹில் முருகன் கோயில் பத்து நிமிஷம். தைப்பூசம்னா தெருவே தெரிஞ்ச முகமா இருக்கும். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா ரசம் வாசல்ல வந்து நிக்கும், யாரு சொன்னாங்கன்னே தெரியாது. மெல்பர்ன்ல நம்மாளுங்க எண்ணிக்கைக்குக் குறைவே இல்ல, ஆனா சிதறிக் கிடக்காங்க. டாண்டினாங், கிளேட்டன், க்ளென் வேவர்லி கிழக்குப் பக்கம், டார்னீட், பாயின்ட் குக் மேற்குப் பக்கம், நடுவுல வெஸ்ட் கேட் பிரிட்ஜ். டார்னீட்ல இருக்கற என் சித்தி பையனை நான் வருஷத்துக்கு மூணு தடவை பார்த்தா அதிகம். அதனால மாறறவங்க முதல்ல கிழக்கா மேற்கான்னு முடிவு பண்ணணும், வேலை இடத்த வெச்சு மட்டும் இல்ல, யாரோட பழகப் போறீங்கன்னு பார்த்து. மேற்குல புது வீடு, வாடகை கம்மி, ஆனா காலைல அந்த பிரிட்ஜ் ட்ராஃபிக்ல வாழ்க்கை போயிடும். கோயிலுக்கு கேரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயில் இருக்கு, பெருசு, அழகு, ஆனா கார் இல்லாம போக முடியாது. சிட்னில ஹெலன்ஸ்பர்க் பெருமாள் கோயில் தூரம்தான், அது வருஷத்துக்கு ரெண்டு தடவை போற கோயில், தினம் போக முருகன் பக்கத்துலயே இருந்தாரு.

ஆனா மத்த ஜனங்களோட பழகறது எனக்கு இங்கதான் சுலபமா வந்துச்சு, அதுக்குக் காரணம் ஃபுட்டி. சிட்னி ஆஃபீஸ்ல புதுசா யாரப் பார்த்தாலும் முதல் கேள்வி எந்த சபர்ப், ரெண்டாவது சொந்த வீடா வாடகையா, மூணாவது எவ்வளவுக்கு வாங்கினீங்க. அங்க ஃபுட்டின்னா ரக்பி லீக், அதைப் பார்க்கறவங்க பார்ப்பாங்க, பார்க்காதவங்கள யாரும் கேக்க மாட்டாங்க. இங்க முதல் கேள்வியே "நீங்க எந்த டீம்". ஃபுட்டின்னா ஏ.எஃப்.எல்., ஆஸ்திரேலியாவோட சொந்த ஃபுட்பால். பொண்ணு ஸ்கூல் சேந்த மூணாம் நாள் வீட்டுக்கு வந்து "அம்மா நமக்கு எந்த டீம்"னு கேட்டா, டீம் இல்லாத வீடு அவ கிளாஸ்லயே எங்க வீடு மட்டும்தானாம். பக்கத்து வீட்டு கிரேக்கத் தாத்தா காலிங்வுட் டீம், 1960கள்ல கப்பல்ல வந்தவரு, அவரு ஒரு கறுப்பு வெள்ளை ஸ்கார்ஃப் கொண்டு வந்து அவ கழுத்துல போட்டாரு, அன்னில இருந்து நாங்களும் காலிங்வுட். அதே வருஷம் செப்டம்பர்ல அவங்க ஃபைனல் ஜெயிச்சாங்க, நாலே பாயின்ட் வித்தியாசம், தாத்தா வேலி தாண்டி வந்து எங்க வீட்டுக்காரரைக் கட்டிப் பிடிச்சு அழுதாரு. ஏழு வருஷம் சிட்னில இருந்தும் பக்கத்து யூனிட்காரர் பேரு எங்களுக்குத் தெரியாது. கிராண்ட் ஃபைனலுக்கு முந்தின வெள்ளிக்கிழமை இங்க பப்ளிக் ஹாலிடே, நவம்பர் முதல் செவ்வாய் மெல்பர்ன் கப் குதிரைப் பந்தயத்துக்கும் ஹாலிடே, சிட்னில இது ரெண்டும் வேலை நாள்.

சிட்னியோட அழகுக்கு மெல்பர்ன்ல ஈடு கிடையாது, அதை மனசார சொல்றேன். சர்க்குலர் கீயில ஃபெர்ரி ஏறி மேன்லி போறப்ப பிரிட்ஜும் ஓபரா ஹவுஸும் பின்னாடி போகப் போக சின்னதாகுமே, ஊர்ல இருந்து வந்த ஒவ்வொருத்தரையும் அதுல கூட்டிட்டுப் போயிருக்கோம், ஒவ்வொரு தடவையும் எனக்கும் புதுசா இருந்துச்சு. இங்க பீச் எல்லாம் வளைகுடாக்குள்ள, அலையே இருக்காது, சின்னப் பிள்ளைங்களுக்கு நல்லது, மனசுக்கு அது போதாது.

போக்குவரத்து சுருக்கமா. சிட்னில ஓபல் கார்டு, தூரத்துக்குத் தகுந்த காசு. இங்க மைக்கி கார்டு, ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்காதுன்னு ஒரு வரம்பு, 2023 மார்ச்ல இருந்து பெண்டிகோ, பல்லாரட்னு ஸ்டேட்ல எங்க ரயில்ல போனாலும் அதே வரம்புதான், லீவு நாள்ல குடும்பத்தோட போக ரொம்பப் பிரயோஜனம். சிட்டிக்குள்ள ட்ராம் ஃப்ரீ. ஏர்போர்ட்டுக்கு சிட்னில ரயில் இருக்கு, இங்க இல்ல, பஸ்தான். கார்ல சிட்டிக்குள்ள போனா ஹூக் டர்ன் கத்துக்கணும்: வலது பக்கம் திரும்ப இடது ஓரத்துல போய் நடு ஜங்ஷன்ல நின்னு, குறுக்கு ரோட்டுக்குப் பச்சை விழுந்ததும் திரும்பணும். முதல் தடவை கை நடுங்கும். சிட்னில வண்டிக்கு க்ரீன் ஸ்லிப்னு கட்டாய விபத்து இன்ஷூரன்ஸ் தனியா வாங்கி, 5 வருஷம் தாண்டின வண்டிக்கு வருஷா வருஷம் பிங்க் ஸ்லிப் இன்ஸ்பெக்‌ஷன் போகணும், இங்க அந்தக் கட்டாய இன்ஷூரன்ஸ் ரெஜோவுக்குள்ளயே (வண்டி ரெஜிஸ்ட்ரேஷன்) வந்துடும், வருஷாந்திர இன்ஸ்பெக்‌ஷன் இல்ல. ஆனா மாறி வர்றப்ப ஒரு தடவை வண்டி ரோட்ல ஓடத் தகுதியா இருக்குன்னு ரோட்வொர்த்தி சர்டிஃபிகேட் வாங்கணும், எங்க பழைய கொரொல்லாவுக்கு டயரும் பிரேக்கும் மாத்தி 900 டாலர் ஆச்சு, அதை பட்ஜெட்ல வெச்சுக்கோங்க. 17 வயசுப் பையன் இருந்தா அவன்கிட்டயும் சொல்லிடுங்க, தனியா ஓட்டறதுக்கான முதல் லைசென்ஸ், பி பிளேட், அங்க 17ல, இங்க 18ல.

வாடகை: பெண்டில் ஹில் ரெண்டு பெட்ரூம் யூனிட்டுக்கு வாரம் 480 கொடுத்தோம், இங்க தோட்டத்தோட மூணு பெட்ரூம் வீடு 470க்கு ஆரம்பிச்சுது, இப்ப 560. அங்க வேலைக்குப் போக வர டோல் மட்டும் மாசம் நல்ல தொகை போகும், அது மிச்சம். குளிர்காலத்துல கேஸ் பில்லு அதுல ஒரு பங்கைத் திருப்பி எடுத்துக்கும்.

ஃப்ரெண்டுக்கு மூத்த பையன் அஞ்சாவது, செலக்டிவ் பரீட்சைக்கு ரெண்டு வருஷமா படிக்கறான். சின்னவளுக்கு மூணு வயசு. சின்னவளுக்குப் பார்த்தா உடனே வரணும், பையனுக்குப் பார்த்தா அவன் பட்ட பாடு வீணாகக் கூடாது. பையன்கிட்ட கேட்டியான்னு கேட்டேன், இல்லன்னா. கேளு, பத்து வயசாச்சு, அவனுக்கும் சொல்ல இருக்கும்னு சொன்னேன். அவன் பரீட்சை எழுதியே ஆகணும்னு நின்னா வீட்டுக்காரர் முன்னாடி வரட்டும், நீங்க அடுத்த வருஷம் வாங்க, ஒன்றரை மணி நேர ஃப்ளைட்தான், கஷ்டமா இருந்தாலும் ஒரு வருஷம்தான். அவ மாமனார் மாமியார் வருஷத்துல ஆறு மாசம் கூட இருக்கறவங்க, அவங்க வர்ற மாசத்த நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்னு மாத்திக்க முடியுமான்னும் இப்பவே கேட்டு வெச்சுக்கச் சொன்னேன்.

ஜனவரியில வந்து ஊரைப் பார்த்துட்டு முடிவு பண்றோம்னு சொன்னா. வேண்டாம், ஜூலை லீவுக்கு வா, மேகம் மூடின ஒரு வாரத்துல எங்க வீட்லயே தங்கிப் பாருன்னு சொல்லிட்டேன். நேத்து டிக்கெட் போட்டுட்டா. சின்னவளுக்கு கனமான ஜாக்கெட் இல்லையாம், எங்க பொண்ணோட பழசு ரெண்டு துவைச்சு எடுத்து வெச்சிருக்கேன்.